ஆயுதம் போட்ட கதை

17-ஆம் நூற்றாண்டு லண்டனில், வசதியான வீடுகளில் பிரசவம் சிக்கலானால் ஒரு குடும்பத்துக்குத்தான் ஆள் ஓடும். அது சேம்பர்லென் குடும்பம். மதப் பகைக்குத் தப்பி 1569-இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்தில் கரையேறிய அகதிகள் அவர்கள். பொன்முலாம் பூசிய பெரிய மரப்பெட்டியை இரண்டு பேர் வண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்குவார்களாம். வலியில் துடிப்பவளின் கண்ணைக் கட்டி, உறவுக்காரர்களை வெளியே அனுப்பி, கதவைத் தாழிட்ட பிறகே பெட்டி திறக்குமாம். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்கும். மற்ற மருத்துவர்கள் அந்த நிலையில் கொக்கி போட்டுக் குழந்தையைத் துண்டாக்கித்தான் தாயைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். சேம்பர்லென்கள் மட்டும் இருவரையும் பிழைக்க வைத்தார்கள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. மகன்களில் இருவருக்குப் பீட்டர் என்றே பெயர் வைத்த குடும்பம் அது. மறைப்பதற்கென்றே பிறந்தவர்கள் போலும்!

மூன்று தலைமுறை காத்த ரகசியத்துக்கு 1670-இல் விலை வைத்தார் ஹியூ சேம்பர்லென். பாரிஸுக்குப் போய், அங்கே புகழ்பெற்ற பிரசவ மருத்துவரான மோரிசோவிடம் பெருந்தொகை கேட்டார். மோரிசோ ஒரு சோதனை வைத்தார். இடுப்பெலும்பு வளைந்து குறுகிய, நாள்கணக்கில் வலியில் கிடந்த குள்ளமான பெண் ஒருத்தியைக் காட்டி, முடிந்தால் இவளுக்குப் பிரசவம் பாருங்கள் என்றார். சில நிமிடங்களில் முடிப்பதாகச் சொன்ன ஹியூ கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடியும் முடியவில்லை. கருப்பை கிழிந்து அந்தப் பெண் மறுநாள் இறந்துபோனாள். விலை பேச வந்தவர் பணமில்லாமல் ஊர் திரும்பினார். மோரிசோ எழுதிய புத்தகத்தை மட்டும் கையோடு கொண்டுபோய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். புத்தகம் நன்றாக விற்றது, ரகசியம்தான் விற்கவில்லை.

விற்காத ரகசியம் மெல்லக் கசிந்தது. 1730-களில் அச்சிலேயே வந்துவிட்டது. உள்ளே இருந்தது ஃபோர்செப்ஸ். பெரிய கரண்டிகள் போன்ற இரண்டு இரும்பு அலகுகளைத் தனித்தனியாக உள்ளே செலுத்தி, குழந்தையின் தலைக்கு இருபுறமும் பொருத்திப் பூட்டி இழுக்க வேண்டும். தனித்தனியாகப் போடலாம் என்பதுதான் சூட்சுமம். பிறகு ஆளாளுக்குத் திருத்தினார்கள். பாரிஸில் லெவ்ரே இடுப்பெலும்பின் வளைவுக்கேற்ப அலகை வளைத்தார். லண்டனில் ஸ்மெல்லி பூட்டை எளிதாக்கினார். எடின்பரோவில் சிம்ப்சன் செய்தது இன்னொன்று. ஒவ்வொரு பேராசிரியரும் அரை அங்குலம் மாற்றித் தன் பெயரைச் சூட்டிக்கொண்டார். 1813-இல் எசெக்ஸ் மாவட்டத்தில் சேம்பர்லென்கள் வாழ்ந்த பழைய வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் அசல் கருவிகளே கிடைத்தபோது, அவை வெறும் பழம்பொருள்.

எப்போது போடுவது என்பதில் மட்டும் குழப்பம் தீரவில்லை. 1817-இல் இங்கிலாந்து இளவரசி சார்லட் ஐம்பது மணி நேரம் வலியில் கிடந்தார். மருத்துவர் கிராஃப்ட் ஃபோர்செப்ஸைத் தொடாமல் காத்திருந்தார். குழந்தை இறந்தே பிறந்தது, இளவரசியும் இறந்தார். சில மாதங்களில் கிராஃப்ட் தன்னைச் சுட்டுக்கொண்டார். கருவியை எடுக்கப் பயந்தவர்கள் அதற்குப் பிறகு எடுக்காமலிருக்கப் பயந்தார்கள். அந்தப் பயத்தோடேயே அது கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது.

1835-இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஐரோப்பியப் பாடத்தோடு ஐரோப்பியக் கருவிகளும் வந்தன. 1882-இல் பெண்களுக்கென்று ஈடன் மருத்துவமனை எழும்பியது. ஆனால் பேராசிரியர் நாற்காலிகளில் பெரும்பாலும் ஐ.எம்.எஸ். எனும் இந்திய மருத்துவப் பணியின் அதிகாரிகளான வெள்ளையர்கள். அந்தக் கல்லூரியில் படித்த கேதார்நாத் தாஸ் என்ற வங்காளி இளைஞர் எம்.டி. பட்டம் பெற்றது கல்கத்தாவில் அல்ல, சென்னைப் பல்கலைக்கழகத்தில். பிற்காலத்தில் அவர் பெயருக்குப் பின்னால் எத்தனையோ எழுத்துகள் சேர்ந்தபோதும் ‘எம்.டி. (மெட்ராஸ்)’ அப்படியே இருந்தது. பட்டத்தோடு ஊர் திரும்பியவர் பாடம் நடத்தியது சியால்தாவின் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில். பட்டம் தராத, டிப்ளமோ அளவிலான பள்ளி அது. பெரிய கல்லூரியின் நாற்காலி கிடைக்காதவருக்கு வேறொரு கதவு திறந்தது.

ராதா கோவிந்த கர் என்ற மருத்துவர் 1886-இல் தொடங்கிய தனியார் மருத்துவப் பள்ளி, இடம் மாறி, பெயர் மாறி, 1916-இல் பெல்காச்சியாவில் முழுக் கல்லூரியாக உயர்ந்தது. அரசு நடத்தாமல் இந்தியர்களே கட்டி நடத்திய கல்லூரி. ஆளுநர் கார்மைக்கேலின் பெயரைத் தாங்கிய அந்தக் கல்லூரியில் தாஸ் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார். 1922-இல் முதல்வரும் ஆனார். கைக்கு ஒரு துறையும் லேபர் வார்டும் மாணவர்களும் கிடைத்த பின், பழைய உறுத்தல் ஒன்றுக்கு அவர் விடை தேட முடிந்தது.

ஃபோர்செப்ஸ் ஐரோப்பியப் பெண்களின் அளவில் வார்க்கப்பட்டது. கல்கத்தாவின் பிரசவ அறைக்கு வந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு சிறியது. குழந்தைகளின் எடையும் குறைவு. தலைக்குப் பொருந்தாத அலகு நழுவும், அல்லது அழுத்தும். நழுவினால் தாயின் தசை கிழியும், அழுத்தினால் குழந்தைக்கு ஆபத்து. தாஸ் கருவியைச் சற்றுக் குட்டையாக்கி, எடையையும் குறைத்தார். பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. நூற்றைம்பது வருடங்களாக ஐரோப்பியர்கள் செய்துகொண்டிருந்ததும் இதே திருத்தம்தான். இந்தத் தாய்க்கு இது பெரிது என்று பார்த்ததுதான் வித்தியாசம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

உலகில் இதுவரை யார் யார் என்னென்ன ஃபோர்செப்ஸ் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினார். லெவ்ரேயிலிருந்து பிற்காலப் பிரெஞ்சு மருத்துவர் தார்னியே வரை, நூற்றுக்கணக்கான வகைகள். பாரிஸிலும் எடின்பரோவிலும் லண்டனிலும் சிதறிக் கிடந்த விவரங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு, படங்களோடு திரட்டினார். 1929-இல் அது தடித்த புத்தகமாகக் கல்கத்தா அச்சகம் ஒன்றிலிருந்து வெளிவந்தது: ‘ஆப்ஸ்டெட்ரிக் ஃபோர்செப்ஸ்: இட்ஸ் ஹிஸ்டரி அண்ட் எவல்யூஷன்’. ஒரு குடும்பம் தரைக்கடியில் புதைத்துக் காத்த விஷயத்தின் முழுச் சரித்திரமும் ஒரே அட்டைக்குள். என் கணக்கில் கருவியைவிட இந்தப் புத்தகமே அவருடைய பெரிய சாதனை. அதே வருடம்தான் பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களுக்கென்று தனிக் கல்லூரி உருவானது. அதன் தொடக்கக்கால ஃபெலோக்களில் தாஸும் ஒருவர். 1933-இல் சர் பட்டம் வந்தது. 1936-இல் அவர் மறைந்தார். புத்தகமும் மறந்துபோயிருக்க வேண்டியதுதான். 1993-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மறுபதிப்பு கண்டது.

கருவியின் அதிர்ஷ்டம் இன்னும் விநோதமானது. சுதந்திரத்துக்குப் பிறகு கார்மைக்கேல் கல்லூரி, ராதா கோவிந்த கரின் பெயரில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியானது. தாஸ் இளமையில் பாடம் நடத்திய கேம்ப்பெல் பள்ளி நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே மகப்பேறுத் துறைத் தலைவராக இருந்தவர் டி.சி. தத்தா. எம்.ஓ. என்று கல்கத்தாப் பல்கலைக்கழகம் மகப்பேறு மருத்துவத்துக்கென்றே தந்த முதுநிலைப் பட்டம் பெற்றவர். 1980-களில் அவர் எழுதிய பாடநூல் நாடெங்கும் மருத்துவ மாணவர்களின் கைக்குப் போனது. அதில் நீண்ட வளைவு ஃபோர்செப்ஸ் என்ற பகுதியில், இந்தியாவில் பெரிதும் பயன்படுவது தாஸ் வகை என்று எழுதினார்.

சென்னையிலும் மதுரையிலும் மகப்பேறு எம்.எஸ். முதுநிலை மாணவர்கள் மேசையில் எடுத்துப் பூட்டிப் பார்க்கும் அந்தப் பளபளப்பான கருவி இதுதான். ஊர்ப்பக்கம் ‘ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை’ என்பார்களே, அந்த ஆயுதம். லேபர் வார்டில் அதற்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன். மேற்கு வங்கத்தில் 32.6, தமிழ்நாட்டில் 44.9. ஃபோர்செப்ஸை லேபர் வார்டில் எடுப்பதைவிட வைவா எனும் வாய்மொழித் தேர்வில் எடுப்பதே அதிகம் என்று சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். தேர்வாளர் முதலில் கேட்பது எது இடது அலகு, எந்தக் கையால் போடுவாய் என்பதே. இரண்டையும் பூட்டித் தாயின் இடுப்புக்கு முன்னால் பிடித்துக் காட்டி, அவளுடைய இடப்பக்கம் வருவதே இடது என்றும், இடது கையால் அதைத்தான் முதலில் செலுத்த வேண்டும் என்றும் சொன்னால் மதிப்பெண் உண்டு. தாஸ் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது.