காஸ்பியன் கரையில் இறங்கிய விருந்தினர்



மதரஸாவில் ஹிஜ்ரத் பாடம் நடத்தும்போது, முஹாஜிர்களை அரவணைத்த மதீனாவின் அன்சாரிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்கள் மிஞ்சியதைக் கொடுத்தவர்கள் அல்லர். தமக்கே தேவை இருந்தபோது கொடுத்தவர்கள். அதை நினைவூட்டும் நிகழ்வொன்று நம் பாட்டனார் காலத்திலும் நடந்தது.

1939 செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. பின்னர் சோவியத் அரசு இலட்சக்கணக்கான போலந்து மக்களை ரயில் பெட்டிகளில் அடைத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்தியது. குளிரிலும் பசியிலும் பலர் மாண்டனர். 1941இல் ஜெர்மனி ரஷ்யாவையே தாக்கியபின்தான் எஞ்சியோருக்கு விடுதலை கிடைத்தது.

1942இல் வீரர்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காஸ்பியன் கடலைக் கடந்து, ஈரானின் பஹ்லவி துறைமுகத்தில் இறங்கினர். இன்று அவ்வூரின் பெயர் பந்தர் அன்சலி. டைஃபஸ் காய்ச்சல் பரவியிருந்ததால் அவர்களுடைய கந்தல் உடைகள் எரிக்கப்பட்டன, தலைகள் மழிக்கப்பட்டன. கடற்கரைக் கூடாரங்களே முதல் வீடாயின. நெடுநாள் பட்டினிக்குப்பின் திடீரென உண்டதே சிலரின் உயிரைப் பறித்தது.

அன்றைய ஈரானின் நிலை என்ன? 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத்தும் அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தன. உணவுத் தட்டுப்பாடு முற்றி, 1942 டிசம்பரில் தெஹ்ரானில் ரொட்டிக்காகக் கலவரமே மூண்டது. முகாம்களின் நிர்வாகம் பெரும்பாலும் நேச நாட்டாரிடம் இருந்தது உண்மையே. ஆயினும், தமக்கே ரொட்டி போதாத மக்கள், வேற்று மார்க்கத்தாரான அந்த அந்நியர்மீது காட்டிய பரிவை, அங்கே வளர்ந்த பிள்ளைகள் முதுமையிலும் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்களுக்கு இஸ்ஃபஹான் இல்லமும் பள்ளியும் தந்தது. 'போலந்துக் குழந்தைகளின் நகரம்' என்றே அவர்கள் அதை அழைத்தனர்.

ஈரான் அவர்களின் இறுதி இல்லம் அன்று. சிலர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும், சிலர் நம் நாட்டின் ஜாம்நகர், கோலாப்பூர் பகுதிகளுக்கும் சென்றனர். 1944இல் 733 சிறார்கள் நியூசிலாந்தை அடைந்தனர். பயணம் தொடர இயலாதோரின் கல்லறைகள் தெஹ்ரானின் தூலாப் கிறிஸ்தவ மயானத்தில் இன்றும் உள்ளன.

இன்று சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வெளியேறிய நம் சகோதரர்கள் ஐரோப்பாவின் எல்லைகளில் காத்து நிற்கின்றனர். அவர்களுக்குக் கதவு திறக்க வேண்டுமென நாம் விரும்புகிறோம். அப்படியாயின், நம் தெருவுக்குப் பிழைப்புத் தேடி வரும் வேற்றூர்க் குடும்பத்திடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? இன்றிரவு உணவு வேளையில் இதைப் பிள்ளைகளுடன் பேசிப் பாருங்கள்.

அன்சாரிகளின் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் அருள்வானாக, ஆமீன்.