வழக்கறிஞர் இருந்தால்தான் உரிமையா? அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் பெற்றோரும் பள்ளியும்

சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, காவல் இல்லத்துக்கு அனுப்பப்படக்கூடிய நிலையில் இருக்கும் அமெரிக்கச் சிறுவனுக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதி இல்லையென்றால் அரசே ஒருவரை அமர்த்தித் தர வேண்டும். 1967-இல் கால்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. அதே சிறுவன் பள்ளியின் நடவடிக்கைக்கு ஆளானால் இப்படியோர் உரிமை அவனுக்கு இல்லை. பத்து நாள் வரையிலான இடைநீக்கமானாலும் மாணவரிடம் குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும் என்று 1975-இல் காஸ் எதிர் லோபெஸ் வழக்கில் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. ஆனால் இத்தகைய குறுகிய இடைநீக்கத்துக்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் வாய்ப்பை அளிக்கத் தேவையில்லை என்றும் அத்தீர்ப்பே சொன்னது. பள்ளிக்கூடம் நீதிமன்றமாகிவிடக் கூடாது என்பது நீதிபதிகளின் கவலை.

அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் வழக்கறிஞரை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வழக்காடுமன்றத்தின் விதிகளையே நடைமுறைப்படுத்தினால் என்ன ஆகும்? இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்விச் சட்டம். பள்ளிக்கு எதிராக வழக்கறிஞரை நாடும் பெற்றோர் சண்டைக்காரர்கள் என்ற பார்வை பிழையானது என்பதும், சட்டமும் தீர்ப்புகளும் சேர்ந்தே அந்தத் தேவையை உண்டாக்கின என்பதும் இக்கட்டுரையின் வாதம். இலவச வழக்கறிஞர் மட்டும் கிடைத்தால் போதாது, சான்றைத் திரட்டும் வசதியும் சமமாக வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி.

கலந்து பேசுவதற்கான சட்டம்

1970-களின் தொடக்கம் வரை, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பல மாநிலங்களின் பொதுப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவே மறுத்தன. பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் தொடுத்த வழக்கும், 1972-இல் தலைநகர் வாஷிங்டனில் முடிவான மில்ஸ் வழக்கும் அந்தக் கதவைத் திறந்தன. அவற்றின் பின்னணியில் 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான், 1990-இல் பெயர் மாறி, இன்று மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. வழக்குகளின் வழியே பிறந்த சட்டமாயினும் அதன் நோக்கம் வழக்கைத் தவிர்ப்பது. ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் வகுக்க வேண்டும். அக்குழுவில் பெற்றோரும் உறுப்பினர்.

உடன்பாடு எட்டாவிட்டால் பல வழிகள் உண்டு. மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்தில் புகார் அளித்தால் பொதுவாக 60 நாளில் முடிவு வர வேண்டும். மாநிலத்தின் செலவில் சமரசப் பேச்சு நடத்தலாம். இவ்விரண்டுக்கும் வழக்கறிஞர் கட்டாயமில்லை. பள்ளி ஒப்புக்கொண்ட சேவையையே தராமல் விட்டது போன்ற, ஆவணத்தைப் பார்த்தாலே விளங்கும் குறைகளுக்கு எழுத்துப் புகார் பெரும்பாலும் போதுமானது. பிள்ளைக்கு எது தகுந்த கல்வி என்பதே சச்சரவாகும்போதுதான் மூன்றாவது வழியான முறையான விசாரணை தேவைப்படுகிறது. அங்கே சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, ஆவணங்களை முன்கூட்டியே ஒப்படைக்கும் கெடு உண்டு. பெயர் நிர்வாக விசாரணை, நடப்பது வழக்கு.

ஏழு மாத இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள்

இந்த விசாரணையில் மெய்ப்பிக்கும் சுமை யாருக்கு? சட்டம் இதைப் பற்றிப் பேசவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில் எழுந்த ஷாஃபர் எதிர் வீஸ்ட் வழக்கில், நிவாரணம் கோருபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கோருபவர் பெரும்பாலும் பெற்றோர். பிள்ளையின் மதிப்பீடுகளும் வகுப்பறைக் குறிப்புகளும் பள்ளியிடம் இருக்கின்றன; பள்ளியின் உளவியலாளரும் ஆசிரியர்களும் அதன் சம்பளத்தில் இருக்கும் சாட்சிகள். இந்த ஏற்றத்தாழ்வை நீதிபதி ஓகானர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மறுக்கவில்லை. சட்டமே அதைச் சரிசெய்கிறது என்று சமாதானம் சொன்னது. ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையும், பள்ளியின் மதிப்பீட்டை ஏற்காத பெற்றோர் பொதுச் செலவில் வெளி வல்லுநரிடம் மதிப்பீடு பெறும் உரிமையும் அவர்களை எதிர்த்தரப்புக்கு ஈடாக நிறுத்தும் என்பது அதன் தர்க்கம்.

2006 ஜூனில் வந்த ஆர்லிங்டன் மத்தியப் பள்ளி மாவட்டம் எதிர் மர்ஃபி தீர்ப்பு அந்தச் சமாதானத்தின் அடித்தளத்தையே ஆட்டியது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பெற்றோர் தனியார் பள்ளிக் கட்டணத்தைத் திரும்பக் கோரி வென்றிருந்தனர். தங்களுக்கு உதவிய கல்வி ஆலோசகருக்கான 29,350 டாலரையும் கேட்டனர். சட்டத்தில் வழக்கறிஞர் கட்டணம் என்றுதான் இருக்கிறது, வல்லுநர் கட்டணம் என்று இல்லை. கூட்டாட்சி அரசின் நிதியை ஏற்கும் மாநிலங்களுக்கு அதன் நிபந்தனைகள் தெளிவாக முன்னறிவிக்கப்பட வேண்டும் என்று நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு அதை மறுத்தது. 1986 திருத்தத்தின்போது இரு அவைகளின் கூட்டுக் குழு அறிக்கை வல்லுநர் செலவும் இதில் அடங்கும் என்று பதிவு செய்திருந்தும் அது போதவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் வெளிப்படுகிறது. பெற்றோருக்கு வல்லுநர் கிடைப்பார் என்ற நம்பிக்கையில் மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தலையில் வைக்கப்பட்டது. அந்த வல்லுநர் விசாரணையில் வந்து சாட்சி சொல்வதற்கான செலவோ, வென்றாலும் கிடைக்காது என்றாகிவிட்டது. பொதுச் செலவில் கிடைப்பது மதிப்பீடு மட்டுமே. அதையும் பள்ளி தர விரும்பாவிட்டால், தன் மதிப்பீடு சரியானதே என்று நிலைநாட்டத் தானே விசாரணை கோரலாம்.

வென்றவருக்கு மட்டும் கட்டணம்

வழக்கறிஞர் கட்டணத்தின் வரலாறும் இப்படித்தான். 1984-இல் ஸ்மித் எதிர் ராபின்சன் வழக்கில், இச்சட்டப்படி கட்டணம் கோர முடியாது என்று தீர்ப்பானது. இரண்டே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வென்ற பெற்றோருக்குக் கட்டணம் வழங்க வகை செய்தது. ஆனால் 2001-இல் பக்கன்னன் வழக்கின் தீர்ப்பு, வென்றவர் என்ற சொல்லின் எல்லையைச் சுருக்கியது. வழக்கு தொடுத்ததால் எதிராளி தானாக இறங்கிவந்தால் அது வெற்றியாகாது. நீதிமன்றத்தின் முத்திரை வேண்டும். அந்த வழக்குக்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை என்றாலும், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அவ்விதியைச் சிறப்புக் கல்விக்கும் பொருத்தின.

விளைவு தலைகீழானது. வலுவான வழக்கில்தான் பள்ளி மாவட்டம் சமரசத்துக்கு விரையும். சமரசமானால் கட்டணத்தைத் தனியே பேசி வாங்க வேண்டும். விசாரணை தொடங்குவதற்குப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்போது பள்ளி எழுத்தில் முன்வைத்த ஏற்பாட்டைப் பத்து நாளுக்குள் ஏற்காமல், இறுதியில் அதைவிட மேலான தீர்வும் பெறாவிட்டால், அதன் பிந்தைய உழைப்புக்குக் கட்டணம் இல்லை. மறுத்ததற்குத் தக்க காரணம் காட்டினால் மட்டுமே விதிவிலக்கு. தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தில் வழக்கறிஞர் செலவிட்ட நேரத்துக்கும் பொதுவாகக் கிடையாது. ஆகவே வழக்கறிஞர்கள் முன்பணம் கேட்பதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்புகளோ, கூட்டாட்சி நிதி பெறுபவையாக இருந்தால், 1996 முதல் 2009 வரை எதிர்த்தரப்பிடம் இத்தகைய கட்டணம் கோரவே தடை செய்யப்பட்டிருந்தன.

வசதியுள்ள குடும்பத்துக்கு வேறு வழி இருக்கிறது. 1985-இன் பர்லிங்டன் தீர்ப்பும் 2009-இன் ஃபாரஸ்ட் குரோவ் தீர்ப்பும், பொதுப் பள்ளி தகுந்த கல்வி தரத் தவறியிருந்தால் தனியார் பள்ளிக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்றன. முதலில் கட்டியவருக்குத்தான் திரும்பக் கிடைக்கும். கட்டப் பணமில்லாதவரின் பிள்ளை, வழக்கு முடியும் வரை அதே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்.

வழக்கறிஞர் இல்லாமல் போனால்

2004 திருத்தம் ஒரு தீர்வுக் கூட்டத்தைப் புகுத்தியது. பெற்றோர் விசாரணை கோரிய 15 நாளுக்குள் பள்ளி அதைக் கூட்ட வேண்டும். பெற்றோர் வழக்கறிஞரோடு வந்தால் மட்டுமே பள்ளியும் தன் வழக்கறிஞரை அழைத்துவரலாம். நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அங்கே கையெழுத்தாகும் உடன்படிக்கை நீதிமன்றத்தில் செல்லத்தக்கது. அதிலிருந்து விலக மூன்று வேலைநாள் அவகாசமே உண்டு. பள்ளி நிர்வாகி முந்தின நாளே தம் வழக்கறிஞரிடம் கேட்டுவந்திருக்கலாம். பெற்றோர் யாரிடம் கேட்பது?

2007-இல் விங்கல்மன் எதிர் பார்மா நகரப் பள்ளி மாவட்டம் வழக்கில், பெற்றோருக்கும் இச்சட்டத்தின் கீழ் சொந்த உரிமை உண்டு, அவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம் என்று தீர்ப்பானது. இது கதவைத் திறந்தது உண்மை. ஆனால் 2017-இன் எண்ட்ரூ தீர்ப்பு, பிள்ளையின் சூழலுக்கேற்ற முன்னேற்றம் கிட்டும்படி திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று அளவுகோலை உயர்த்தியபின், அந்த முன்னேற்றம் இல்லையென்று தரவுகளோடு காட்ட வேண்டியவர் பெரும்பாலும் பெற்றோரே. அனுபவமுள்ள, வழக்கறிஞரல்லாத ஆலோசகரை வாதாட வைக்கலாமா என்றால், டெலவேர் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே கூடாது என்றது, நியூஜெர்சி அனுமதிக்கிறது. மாநில எல்லை தாண்டினால் உரிமையின் அளவு மாறுகிறது.

எதிர்வாதம்

வழக்கறிஞர்களுக்குச் செலவாகும் பணம் வகுப்பறைக்குப் போக வேண்டிய பணம் என்பார்கள். வழக்கு நடந்தபின் அதே ஆசிரியரிடம்தான் பிள்ளை படிக்க வேண்டும், உறவு கசந்துவிடும் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் பள்ளி மாவட்டத்துக்குச் சட்ட ஆலோசனை ஏற்கெனவே பொதுப் பணத்தில் கிடைக்கிறது. ஒரு தரப்பின் வழக்கறிஞரைச் செலவாகப் பார்க்காமல் மறுதரப்பின் வழக்கறிஞரை மட்டும் வீண் செலவாகக் காண்பது நடுநிலையாகாது. கசப்பும் விசாரணை மன்றத்தில் பிறப்பதில்லை. எழுத்தில் காரணம் தராமல் கோரிக்கை மறுக்கப்படும் கூட்டத்திலேயே பிறந்துவிடுகிறது. காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் பள்ளியைக் கட்டாயப்படுத்துவதை ஆரம்பத்திலேயே எடுத்துச்சொல்ல ஒருவர் இருந்தால், பல சச்சரவுகள் விசாரணை வரை போகாமலே முடியலாம்.

முடிவு

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மெய்ப்பிக்கும் சுமையைப் பள்ளியிடம் ஒப்படைப்பது. ஷாஃபர் தீர்ப்புக்குப்பின் நியூயார்க்கும் நியூஜெர்சியும் சட்டம் இயற்றி இதைச் செய்தன. தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கட்டணம் கோரும் வழக்கில் மட்டும், அப்பள்ளி தகுந்ததே என்று காட்டும் பொறுப்பை நியூயார்க் பெற்றோரிடம் விட்டுவைத்தது. இரண்டாவது, வென்ற பெற்றோருக்கு வல்லுநர் செலவையும் தரும்படி நாடாளுமன்றம் திருத்துவது. 1984 தீர்ப்பை இரண்டே ஆண்டில் மாற்றிய அவை, 2006 தீர்ப்பை இன்றுவரை மாற்றவில்லை. மூன்றாவது, ஏழைப் பெற்றோருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவது. இது நடவாத கற்பனை அன்று. இந்தியாவில் 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வருமான வரம்பு பாராமல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை எழுத்தில் அளித்திருக்கிறது.

இம்மூன்றில் மூன்றாவதை மட்டும் செய்தால் பயன் குறைவு. வல்லுநர் சாட்சியும் ஆதாரமும் இல்லாத வழக்கறிஞர் எதைக் கொண்டு வாதாடுவார்? முதல் இரண்டும் நிறைவேறினால், வழக்கறிஞர் இல்லாத பெற்றோருக்கும் தங்கள் பிள்ளையின் வழக்கை எடுத்துச்சொல்லும் வாய்ப்பு பிறக்கும். அதுவரை, வழக்கறிஞரையும் வல்லுநரையும் தம் பணத்தில் அமர்த்த முடிந்த குடும்பத்துக்கே இச்சட்டம் முழுமையாகப் பயன்படும்.