வானொலியிற் பிறழ்ந்த சொற்கள்: விமானப் போக்குவரத்து மொழியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விமானியும் தரையிலுள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் உரையாடும்பொழுது ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. முகக்குறிப்போ கைச்சைகையோ அவர்களுக்குத் துணைசெய்வதில்லை. வானொலிவழி வந்துசேரும் குரலொன்றே அவர்களை இணைப்பதாகும். அதிலும், ஓர் அலைவரிசையில் ஒருநேரத்தில் ஒருவரே பேசுதல் கூடும். இருவர் ஒருங்கே பேசின் இருவர் பேச்சும் கெடும். நூற்றுக்கணக்கானோரின் உயிர்சார்ந்த கட்டளைகள் இக்குறுகிய வழியூடாகவே சென்றுவருகின்றன. இவ்வுரையாடலில் நேர்ந்த பிறழ்வுகள் எத்தன்மையன, அவை விமானப் போக்குவரத்தின் மொழியை எவ்வாறு மாற்றியமைத்தன என்பவற்றை நான்கு விபத்துக்களை ஆதாரமாகக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தகைய விபத்துக்களுக்கு ஆங்கிலப் புலமைக் குறைவே காரணமெனக் கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதும் ஈண்டு நோக்கப்படும்.

வானொலி உரையாடலை ஒழுங்குபடுத்த முயன்றோரின் கவனம் முதலில் ஒலியின்மீதே சென்றது. இலண்டனுக்கு அணித்தான குறொய்டன் விமான நிலையத்தின் வானொலி அலுவலர் ஒருவர் 1920களில் 'மேடே' என்னும் அபாயக் குரலை வகுத்தார். இரைச்சலிடையேயும் தெளிவாகக் கேட்கக்கூடியதாகவும், பிரெஞ்சு விமானிகளுக்கும் விளங்கக்கூடியதாகவும் அச்சொல் அமைந்தது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் வழி சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் தோன்றியது. எழுத்துக்களை 'அல்ஃபா', 'பிராவோ', 'சார்லி' முதலாய சொற்களாற் குறிக்கும் முறையை அந்நிறுவனம் 1956இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பல மொழியினரின் உச்சரிப்புக்கும் செவிக்கும் பொருந்துமாறு மொழியியலாளர் துணையுடன் அச்சொற்கள் தெரியப்பட்டன. ஓரொலி வேறோர் ஒலியாகக் கேட்கப்படும் இடர் இதனாற் பெரிதும் குறைந்தது. ஆயின், செவ்வனே கேட்கப்பட்ட சொல் வேறு பொருளில் விளங்கிக்கொள்ளப்படும் இடர் அவ்வாறே எஞ்சியிருந்தது.

இதற்கு முதற் சான்றாக 1974 டிசம்பர் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த விபத்தினைக் கொள்ளலாம். ரி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் வோஷிங்ரனுக்கு அண்மையிலுள்ள டலஸ் நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிலையத்திலிருந்து இன்னும் நெடுந்தொலைவில் இருந்தபோதே, இறங்குவதற்கான அணுகலுக்கு அதற்கு அனுமதி வழங்கப்பட்டது. இனி 1,800 அடிவரை தாழலாம் என்பதே அவ்வனுமதியின் பொருளென விமானிகள் கொண்டனர். வரைபடத்திற் குறித்த உயரங்களைப் பேணி உரிய இடத்திலேயே தாழ்வர் எனக் கட்டுப்பாட்டாளர் எண்ணினார். விமானம் வேர்ஜினியாவிலுள்ள ஒரு மலையில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். பேசியோர், கேட்டோர் யாவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஒலிகள் தெளிவாகவே இருந்தன. யார்மீது தவறு என்பதில் விசாரணைச் சபையினரே பிளவுபட்டனர் என்பது, அச்சொற்றொடர் எத்துணை மயக்கந்தருவதாயிருந்தது என்பதைக் காட்டும். சில வாரங்களுக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே மயக்கத்துக்கு ஆளாகி மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி ஏனைய நிறுவனங்களைச் சென்றடையவில்லை. விமானிகள் தமது அனுபவங்களை அச்சமின்றித் தெரிவிப்பதற்கான அமைப்பொன்று 1976இல் அங்கு நிறுவப்படுவதற்கு இவ்விபத்தே ஏதுவாயிற்று.

இரண்டாவது, 1977 மார்ச் 27ஆம் திகதி கனேரித் தீவுகளில் ஒன்றான ரெனரீஃபில் நிகழ்ந்ததாகும். அயலிலுள்ள கிரான் கனேரியா விமான நிலையத்தில் குண்டொன்று வெடித்தமையால், ஆங்குச் செல்லவிருந்த விமானங்கள் லொஸ் றொடியோஸ் என்னும் சிறிய நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. இடநெருக்கடி காரணமாக விமானங்கள் ஓடுபாதை வழியாகவே ஊர்ந்து அதன் மறுமுனையை அடையவேண்டியிருந்தது. மூடுபனி சூழ்ந்திருந்தது, தரையிலுள்ள விமானங்களைக் காட்டும் ராடர் அங்கு இருக்கவில்லை. ஒல்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையிற் புறப்பட ஆயத்தமாய் நின்றது. பான் அமெரிக்கன் விமானம் அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

மேலெழுந்தபின் செல்லவேண்டிய வழியைக் கட்டுப்பாட்டாளர் கே.எல்.எம். விமானத்துக்கு அறிவித்தார். அது வழிக்கான அனுமதியேயன்றி மேலெழுவதற்கான அனுமதியன்று. எனினும் மேலெழலைக் குறிக்கும் 'ரேக் ஓவ்' என்னுஞ் சொல் அதனுள் இடம்பெற்றிருந்தது. துணைவிமானி அதனைத் திருப்பிக் கூறி, தாம் இப்பொழுது 'அற் ரேக் ஓவ்' என முடித்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்து. டச்சு மொழியில் நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் வாக்கிய அமைப்பு அவரையறியாமல் ஆங்கிலத்திற் கலந்தது என ஸ்ரீவன் குஷிங் என்னும் மொழியியலாளர் விளக்குவர். புறப்படும் இடத்தில் நிற்கின்றனர் எனக் கட்டுப்பாட்டாளர் பொருள்கொண்டார்; 'ஓகே' எனக்கூறிச் சிறிது நிறுத்தி, காத்திருக்குமாறு பணித்தார். அக்கணத்திலேயே பான் அமெரிக்கன் விமானிகள் தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அறிவித்தனர். இரு குரல்களும் ஒருங்கே எழுந்தமையால் கே.எல்.எம். விமானத்தில் 'ஓகே' என்பதைத் தொடர்ந்து கீச்சொலியே மேலோங்கியது. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர். 61 பேரே தப்பினர்.

மூன்றாவது விபத்து 1989 பெப்ரவரி 19ஆம் திகதி கோலாலம்பூருக்கு அண்மையில் நிகழ்ந்தது. பிளையிங் ரைகர் நிறுவனத்தின் சரக்கு விமானத்தை 2,400 அடிக்குத் தாழுமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். எண்ணை இலக்கம் இலக்கமாக 'ரூ, ஃபோர், சீரோ, சீரோ' என அவர் கூறினார். முதலில் நின்ற இரண்டு என்னும் எண், ஆங்கிலத்தில் நான்காம் வேற்றுமைப் பொருள்தரும் 'ரூ' என்னுஞ் சொல்லோடு ஒலியால் ஒத்தது. விமானிகள் 400 அடி எனக்கொண்டு அவ்வாறே திருப்பிக் கூறினர், கூறியது திருத்தப்படவில்லை. விமானம் குன்றொன்றில் மோத, அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

நான்காவது, 1990 ஜனவரி 25ஆம் திகதி நியூ யோர்க்குக்கு வந்த கொலம்பியாவின் அவியான்கா 52 ஆகும். நெருக்கடி காரணமாக அவ்விமானம் மும்முறை, மொத்தம் 77 நிமிடம், வானிற் காத்திருக்க நேர்ந்தது. எரிபொருள் அருகிவருவதைத் துணைவிமானி அறிவித்தார். முன்னுரிமை வேண்டுமெனவும் கேட்டார். ஆயின் அவசரநிலை என்னுஞ் சொல்லை அவர் ஒருபோதும் வழங்கவில்லை. முதன்முறை இறங்க முயன்று தவறியபின், அவசரநிலையை அறிவிக்குமாறு தலைமை விமானி கூறியும், துணைவிமானி எரிபொருள் தீர்ந்துவருகிறது என்று மட்டுமே சொன்னார். கட்டுப்பாட்டாளர் காதில் அது பல விமானிகள் கூறும் முறைப்பாடுகளில் ஒன்றாகவே ஒலித்தது. எரிபொருளின்றி விமானம் வீழ்ந்தது. 73 பேர் மாண்டனர்.

இந்நான்கினையும் ஒப்புநோக்குமிடத்து, ஆங்கிலப் புலமைக் குறைவு என்னும் விளக்கம் முழுமையானதன்று என்பது தெளிவாகும். எமது இலக்கணகாரர் பலபொருள் ஒருசொல் என வகுத்தது இலக்கியத்துக்கு வளமாகும். வானொலிக் கட்டளைக்கு அதுவே கேடாகும். கேட்போன் அத்தகைய சொல்லுக்குத் தான் எதிர்பார்த்த பொருளையே ஏற்றிக்கொள்கிறான்.

பின்வந்த திருத்தங்கள் யாவும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உரியதாக்கும் முயற்சிகளேயாம். 'ரேக் ஓவ்' என்பது மேலெழ அனுமதி வழங்கும்போதும் அதனை நீக்கும்போதும் மட்டுமே ஆளப்படும். ஏனைய இடங்களிற் புறப்பாட்டைக் குறிக்கும் வேறு சொல் வழங்கும். உயரத்தைக் கூறுமுன் 'உயரம்' எனப் பொருள்படுஞ் சொல்லை இடுதல் முறையாயிற்று. எரிபொருட் குறைவை அறிவிப்பதற்கான வரையறுத்த தொடர்கள் 2012இற் சர்வதேச விதிகளில் இடம்பெற்றன. மொழித்தேர்ச்சி விதிகள் 2003இல் ஏற்கப்பட்டு 2008 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் மரபுத்தொடர்களைத் தவிர்த்து, ஏனையோருக்கு விளங்கும்வண்ணம் பேசவேண்டுமென்பது இவற்றின் உட்கிடையாகும்.

எனினும் சொற்றிருத்தத்தால் மட்டும் தீராத ஒன்றுண்டு. ரெனரீஃபில் கே.எல்.எம். விமானம் ஓடிக்கொண்டிருந்தபோது, அதன் பொறியியலாளர் பான் அமெரிக்கன் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ என வினவினார். அவர் ஐயம் சரியானது. தலைமை விமானியோ நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர்; விலகிவிட்டதென அவர் உறுதியாகக் கூறவே, மற்றவர் மேலும் வினவவில்லை. ஐயுற்ற இளையவர் மீண்டும் வினவவும், மூத்தவர் அதற்குச் செவிசாய்க்கவும் பழக்கும் பயிற்சி 1979இன் பின்னரே முறையாக வளர்ந்தது. வானொலியிற் பிறழ்ந்த சொல்லைத் திருத்தக்கூடிய இறுதி வாய்ப்பு அன்று அவ்வறையினுள்ளேயே இருந்தது. வினவும் உரிமை இல்லாதவிடத்துச் செம்மையான சொல்லும் காவலாகாது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.