வளைந்த கொம்பும் தெளிந்த செவியும்

இசைக்கருவியைத் தேர்வது கண்ணா, செவியா? அமெரிக்க ஜாஸ் இசை வரலாறு இதற்குத் தக்க விடை தருகின்றது.

டிரம்பெட் என்னும் ஊதுகொம்பில் இதழ் பொருந்தும் உறுப்பு ஊதுவாய். அதன் கிண்ணக்குழி ஆழங்குறைந்ததாயின் உச்ச சுரங்கள் எளிதாகும். ஆழமாயின் ஒலி கனிவுறும். ஒருவர் இதழுக்கு இசைந்தது மற்றவர்க்கு இசையாது. எனவே, வாசிப்பவரே வாசித்துத் தேர்தல் வேண்டும்.

கொம்பின் வடிவமும் அவ்வாறே. 1917இல் பிறந்த டிசி கில்லெஸ்பி ஜாஸ் உலகின் டிரம்பெட் மேதை. 1953 சனவரி 6ஆம் நாள், நியூயார்க்கில் தம் மனைவிக்காக நடந்த விருந்தில், தாங்கியில் நிறுத்தியிருந்த அவர் கருவிமேல் யாரோ தவறி விழ, கொம்பின் விரிந்த முனை மேல்நோக்கி வளைந்தது. சினத்தை அடக்கி வாசித்துப் பார்த்தார். ஒலி தம் செவியை விரைந்தெட்டக் கண்டார். கருவியைச் செப்பனிட்ட பின்னும் அவ்வொலியை அவர் மறந்தாரில்லை. வளைந்த அமைப்பிலேயே புதிய கருவி செய்வித்து, அவ்வகையையே தமதாக்கிக் கொண்டார். 1993இல் அவர் மறைந்தார். அவர் வாசித்த வளைகொம்பொன்றை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் போற்றிக் காக்கின்றது.

மாணவச் செல்வங்களே! புகழ்பெற்றவரின் கருவியை வாங்கிவிட்டால் அவர் இசை நமதாகிவிடாது. கோணலென்று பிறர் ஒதுக்குவதிலும் நம் குரல் ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டறியும் செவியே கலைஞனின் முதற்கருவி.