எடின்பரோவில் சிம்பன்சிகளுக்குக் கொடுத்த கசப்பு நீர்

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆந் திகதி, ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஏழாவது சர்வதேசப் பிறப்புரிமையியல் மாநாடு ஆரம்பமானது. தமிழகத்தார் மரபியல் என்று வழங்கும் அதே துறைதான் இது. அன்றைய தினத் திகதியிலேயே ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் மொஸ்கோவில் ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. மாநாட்டுக்குத் தலைமை வகிக்கவிருந்த ரஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் வவிலொவ் வரவில்லை. ஏனைய சோவியத் பேராளர்களும் வரவில்லை. வவிலொவ் மறுவருடம் கைதாகி, 1943இல் சரத்தோவ் சிறையில் பட்டினியால் மாண்டார். ஜேர்மன் பேராளர்கள் மாநாடு முடியுமுன்னரே புறப்பட்டுச் சென்றனர். செப்டெம்பர் 3ஆந் திகதி பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்தது.

இத்தகைய ஒரு வாரத்தில், ஆங்கிலேய அறிஞர் மூவர் எடின்பரோ மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்று சிம்பன்சிகளுக்குக் கசப்பு நீர் புகட்டினர் என்பது இன்று படிக்கையில் வேடிக்கையாகவே தோன்றும். அவர்களுள் ஒருவர் புள்ளிவிபரவியலின் மேதை ரொனால்ட் பிஷர். மற்றவர் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்துவந்த ஒக்ஸ்போர்ட் பேராசான் ஈ.பி.போர்ட். மூன்றாமவர் ஜூலியன் ஹக்ஸ்லி. அப்போது லண்டன் விலங்கியற் சங்கத்தின் செயலாளர், பிற்காலத்தில் யுனெஸ்கோவின் முதலாவது பணிப்பாளர் நாயகம். குரங்கின் நாக்கில் அவர்கள் தேடியது எதனை என்பதை அறிய எட்டாண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வில்மிங்டன் நகரிலுள்ள டுபோன்ட் ஆய்வுகூடத்தில் ஆர்தர் பொக்ஸ் என்னும் இரசாயனவியலாளர் பினைல் தயோகாபமைட் எனும் வெண்பொடியைப் போத்தலொன்றில் இட்டுக்கொண்டிருந்தார். சுருக்கமாக பி.ரி.சி. என்பர். பொடி காற்றில் பறந்தது. அருகிலிருந்த சகா, தொண்டை கசக்கிறதென்று முறையிட்டார். பொக்ஸுக்கோ எதுவும் தெரியவில்லை. அவர் பொடியை நாக்கிலிட்டே பார்த்தார். சுண்ணாம்புத் தூளுக்கிருக்கும் சுவைதான் இருந்தது. சகா சுவைத்தபோது கடுங்கசப்பு. இருவரும் வாதாடி ஓய்ந்த பின் வேறு பலருக்கும் கொடுத்துப் பார்த்தனர். சிலருக்குக் கசந்தது, சிலருக்குக் கசக்கவில்லை. வயது, பால் போன்ற எந்த வேறுபாடும் அதனை விளக்கவில்லை.

லோரன்ஸ் ஸ்னைடர், அல்பேர்ட் பிளேக்ஸ்லீ ஆகியோர் குடும்பங்களை வரிசையாகச் சோதித்தபோது விடயம் வெளித்தது. கசப்பறியாமை பரம்பரையாக வருவது. தாயிடமிருந்தொன்றும் தந்தையிடமிருந்தொன்றுமாக வரும் இரு பிரதிகளும் அறியாப் பிரதிகளாக இருந்தாலன்றி அது பொதுவாக வெளிப்படுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பரம்பரையலகினை ஒரு துளிப் பொடியால் கண்டுகொள்ளலாம் என்றவுடன் உலகெங்கும் ஆர்வம் பெருகிற்று. தந்தை யாரென்ற வழக்குகளிலும் அதனைப் பயன்படுத்தினர். பாடசாலை வகுப்பறைகளிலே இன்றும் பி.ரி.சி. தாளை மாணவர்க்குக் கொடுப்பதுண்டு. தாயும் தந்தையும் அறியாதார், பிள்ளை அறிவோன் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் என்ன நிகழும் என்று ஆசிரியர்கள் எண்ணுகிறார்களோ தெரியாது. இவ்விதி நூற்றுக்கு நூறு பொருந்துவதுமில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

எடின்பரோவுக்குத் திரும்புவோம். மூவரும் சர்க்கரை நீரில் பி.ரி.சி.யைக் கரைத்துச் சிம்பன்சிகளுக்குக் கொடுத்தனர். சில வெறுத்துத் துப்பின. சில சலனமின்றிக் குடித்தன. சோதித்த 27 சிம்பன்சிகளுள் 20 கசப்பறிந்தன, 7 அறியவில்லை. மனிதரிடையே, குறிப்பாக ஐரோப்பியரிடையே, காணப்படும் விகிதமும் ஏறத்தாழ இதுவே. 1939 ஒக்டோபரில், போர் தொடங்கி இரண்டு மாதமாகுமுன், 'நேச்சர்' சஞ்சிகையில் அவர்களது குறிப்பு வெளியாயிற்று.

அவர்களது தருக்கம் அழகானது. மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து மிக நெடுங்காலமாயிற்று. அத்தனை தலைமுறைகளுக்குப் பிறகும் விகிதம் மாறாதிருக்கிறதென்றால் அது தற்செயலாகாது. அந்த மூதாதையிடமே இவ்விரு வகையும் இருந்திருக்க வேண்டும். இரு வகையையும் ஒருசேரப் பெற்ற உயிர்க்கு ஏதோ ஓர் அனுகூலம் இருந்தபடியால் இயற்கைத் தேர்வு இரண்டையும் அழியவிடாது காத்துவந்திருக்க வேண்டும். பிஷரின் கணித மூளைக்கு இதனைவிடப் பொருத்தமான சான்று அகப்பட்டிராது. 67 ஆண்டுகள் இவ்விளக்கம் நின்றது.

இதற்கிடையில் பி.ரி.சி. வேறொரு பயணமும் போய்வந்தது. மானிடவியலாளர் அதனைப் பையிலிட்டுக்கொண்டு கண்டம் கண்டமாகச் சென்று, மக்கட் கூட்டங்களை அறிவோர் வீதம், அறியாதார் வீதம் என அட்டவணைப்படுத்தினர். இந்தியாவில் சாதிவாரியாகவும் பழங்குடிவாரியாகவும் இவ்வாறு எண்ணினர். வீதம் ஒத்திருந்தால் உறவு, வேறுபட்டால் வேற்றினம் என்ற எண்ணம் பலரிடம் ஊடாடியது. இனமேம்பாட்டியற் கதிரையில் அமர்ந்திருந்த பிஷருக்கு இத்தகைய எண்ணங்கள் அந்நியமானவையல்ல. 1950களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ வெளியிட்ட இனம் பற்றிய அறிக்கைக்கு அவர் மாறுபாடு தெரிவித்தமை பதிவாகியுள்ளது. அவரது கணிதத்தைப் போற்றும் எம்மவர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நாக்கினுள் நிகழ்வது என்னவென்பது மெதுவாகவே தெரியவந்தது. சுவையரும்புகளை 1867இல் ஜேர்மனியிலும் சுவீடனிலும் இருவர் தனித்தனியே நுணுக்குக்காட்டியில் கண்டனர். பூண்டின் பற்கள் போல் நெருங்கியமைந்த 50 முதல் 100 வரையான கலங்கள் சேர்ந்ததே ஓர் அரும்பு. அக்கலங்கள் நாட்கணக்கிலேயே மாண்டு புதுப்பிக்கப்படுகின்றன. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பாடநூலில் நாம் படித்த வரைபடம் பிழையென்பது வேறு கதை. கசப்பை உணரும் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஆக்கும் பரம்பரையலகுக் குடும்பம் 2000ஆம் ஆண்டில் அடையாளங் காணப்பட்டது. மனிதனிடம் ஏறக்குறைய 25 வகை. பழங்களைத் தேடி இனிப்பை உணர்வதற்கு ஒரு வாயில் போதும். தாவர நஞ்சுகளோ ஆயிரம் உருவில் வருவன, ஆதலாற் காவலர் பலர் வேண்டும்.

2003இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களைச் சேர்ந்த டெனிஸ் டிரேனாவின் குழுவினர், பி.ரி.சி.யை உணரும் வாங்கியின் பரம்பரையலகை 7ஆம் நிறமூர்த்தத்தில் கண்டுபிடித்தனர். மனிதரில் அறிவோர் வடிவமும் அறியாதார் வடிவமும் மூன்று அமினோ அமிலங்களால் மட்டுமே பெரும்பாலும் வேறுபடுகின்றன. புரதம் முழுமையாகவே உண்டாகிறது, பி.ரி.சி.யைப் பற்றிக்கொள்ளத்தான் அதனால் இயலவில்லை.

அடுத்த கேள்வியை எவரும் ஊகித்திருப்பர். ஸ்டீபன் வூடிங் முதலானோர் சிம்பன்சிகளின் அதே பரம்பரையலகை வாசித்து 2006இல் விடையை வெளியிட்டனர். கசப்பறியாச் சிம்பன்சியிடம் மனிதனுக்குரிய அந்த மாற்றங்கள் இல்லை. அங்கே நிகழ்ந்திருப்பது வேறு விகாரம்: புரதத்தை ஆக்கத் தொடங்கும் இடத்தைக் காட்டும் முதற் குறியீடே கெட்டுவிட்டது. ஆகவே கலம் பின்னாலுள்ள வேறோர் இடத்திலிருந்து தொடங்கி, தலையிழந்த புரதம் ஒன்றை ஆக்குகிறது. மனிதனில் இருப்பது பொருந்தாத பூட்டு; சிம்பன்சியில் இருப்பது பாதிப் பூட்டு. மூதாதையிடமிருந்து எதுவும் வரவில்லை. இரு குலத்திலும் தனித்தனியே, வேறு வேறு காலத்தில், கசப்பறியாமை தோன்றியிருக்கிறது. எடின்பரோவில் எண்ணிய எண்ணிக்கை சரியே. அந்த ஒற்றுமையைக் கொண்டு கட்டிய வம்சாவளிதான் இடிந்தது. சாதிவாரி அட்டவணைகளை வைத்துக்கொண்டு உறவு கணித்தோரின் கட்டடத்துக்கும் இதே அத்திவாரம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் பிஷர் முழுத் தோல்வி அடைந்தார் என்பதும் நியாயமன்று. மனிதரிடையே இரு வடிவங்களும் நெடுங்காலம் ஒன்றாகப் பேணப்பட்டுள்ளன என்பதற்கான தடயம் 2004இல் கிடைத்தது. வட ஸ்பெயினின் எல் சித்ரொன் குகையில் எடுத்த நியண்டதால் மனிதனொருவனின் எலும்பிலிருந்து 2009இல் பிரித்தெடுத்த மரபணுப் பொருளிலும் அறியும் வடிவமும் அறியா வடிவமும் சேர்ந்தே இருந்தன. நாமும் நியண்டதாலும் பிரியுமுன்பே இந்த வேறுபாடு இருந்திருக்கிறதென்பதே ஆய்வாளர் கொண்ட முடிவு. சிம்பன்சி வரை போகாவிடினும் அது பழையதுதான்.

பி.ரி.சி. இயற்கையில் இல்லாத பொருள் என்பதை வாசகர் மறந்துவிடலாகாது. ஆனால் அதனையொத்த இரசாயனப் பிணைப்புடையவை கோவா, புரொக்கோலி போன்ற கடுகுக் குடும்பத் தாவரங்களில் உள்ளன. அவை மிகுந்தால் தைரொயிட் சுரப்பிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. கசப்பறிவோருக்கு அதனாற் பயனுண்டு என்பது விளங்குகிறது. அறியாதாருக்கு என்ன பயன்? அந்த வாங்கி வேறேதோ ஒரு கசப்பைப் பிடிக்கும் எனச் சிலர் கருதுவர். முடிவு இன்னும் எட்டப்படவில்லை. பாகற்காயை விரும்பி உண்பதாற் தாம் அறியாதார் என எவரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அதன் கசப்புக்கு வாயில்கள் வேறு.

ஜப்பானின் கீ தீபகற்பத்தில் வாழும் குரங்குகளிடையேயும் பி.ரி.சி. அறியாதவை உள்ளன என்று 2010இல் ஜப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். அங்கும் கெட்டிருந்தது அதே தொடக்கக் குறியீடுதான். ஆனால் சிம்பன்சியிடம் மாறியிருந்த எழுத்து வேறு, இக்குரங்கிடம் மாறியிருந்த எழுத்து வேறு. 1962இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட்டில் காலமான பிஷர் இவற்றில் ஒன்றையும் அறிந்திருக்கவில்லை.