கணக்குக் கேட்கப்படும் மேய்ப்பன்

பண்டைய கிழக்கு நாடுகளில் மேய்ப்பன் என்பது அரசர்கள் விரும்பிச் சூடிய பட்டம். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அம்முராபி, தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் தெய்வம் தேர்ந்த மேய்ப்பன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். எகிப்தின் பார்வோன்கள் வளைகோலை மார்போடு ஏந்தினார்கள். திருமறை அதே உருவத்தைக் கையிலெடுத்து, ஆளுகிறவனையே நிறுத்திக் கேள்வி கேட்டது. மந்தைக்கு உடையவர் ஆண்டவர். மேய்க்கிறவன் அவருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். பணிவிடைத் தலைமை பற்றிய திருமறைப் போதனை இந்த வேரிலிருந்தே கிளைக்கிறது.

இந்தக் கணக்கு மேய்ச்சல் நில வாழ்க்கையில் அன்றாட நடைமுறை. பிறருடைய ஆட்டைக் காப்பவன், அது விலங்கால் பீறுண்டால், மிஞ்சியதைச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும்; காட்டினால் ஈடு செலுத்த வேண்டாம் என்பது யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் சட்டம். சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதின் ஒரு துண்டையோ பிடுங்கி மீட்கும் மேய்ப்பனைத் தெக்கோவா ஊர் ஆமோஸ் ஏன் காட்டினார் என்பது இதனால் விளங்கும். யாக்கோபின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. லாபானிடம் 20 ஆண்டுகள் உழைத்த அவர், பீறுண்ட ஆட்டின் இழப்பையும் தாமே ஏற்றார். பகலில் வெயிலும் இரவில் குளிரும் வாட்ட, உறக்கமின்றிக் காத்தார். கூலிக்கு மேய்த்தவர்தான்; ஆனாலும் இழப்பைத் தம் தோளில் சுமந்தார்.

அரசர்கள் இந்த அளவுகோலில் எப்படித் தேறினார்கள்? ஆட்டுத்தொழுவத்திலிருந்து அழைக்கப்பட்ட தாவீதிடமே, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி நாத்தான் கணக்குக் கேட்டார். பாபிலோனிய சிறையிருப்பில் எசேக்கியேல் அந்தக் கணக்கை நாட்டின் தலைவர்கள் அனைவர்மேலும் விரித்தார். கொழுப்பை உண்டார்கள், கம்பளியை உடுத்தினார்கள். நோயுற்றதைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப்போடவில்லை, துரத்தப்பட்டதைத் திரும்பக் கொண்டுவரவில்லை, தொலைந்ததைத் தேடவில்லை. எசேக்கியேல் 34 இத்துடன் நிற்பதில்லை. நல்ல நீரைத் தான் குடித்துவிட்டு மிச்சத்தைக் காலால் கலக்கும் கொழுத்த ஆடுகளையும், விலாவாலும் தோளாலும் மெலிந்தவற்றை முட்டித் தள்ளும் ஆடுகளையும் அது விசாரிக்கிறது. சபையில் பதவி இல்லாத பலசாலிகளும் இந்த நியாயத்தீர்ப்புக்குத் தப்புவதில்லை.

யோவான் 10ஆம் அதிகாரத்தை 9ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால் எசேக்கியேலின் குரல் அங்கே தெளிவாகக் கேட்கும். பிறவிக் குருடராயிருந்து இயேசுவால் பார்வை பெற்ற மனிதரைத் தலைவர்கள் வெளியே தள்ளுகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட இயேசு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். துரத்தப்பட்டவரை இப்படிச் சேர்த்துக்கொண்ட பிறகே நல்ல மேய்ப்பனைப் பற்றிய உரை தொடங்குகிறது. ஓநாய் வரும்போது ஓடுபவன் யார், உயிரைக் கொடுத்து நிற்பவர் யார் என்பதே அங்கே சோதனை. யாக்கோபு ஆட்டின் இழப்பை ஏற்றார். இயேசு தம் உயிரின் இழப்பையே ஏற்றார்.

எருசலேமுக்குப் போகும் வழியில் சீடர்களான யாக்கோபும் யோவானும் வலப்பக்க, இடப்பக்க இருக்கைகளைக் கேட்டபோது, இறுமாப்பாய் ஆளும் உலக வழக்கம் உங்களுக்குள் கூடாது என்று இயேசு தடுத்தார். கடைசி இராப்போஜனத்தில் துணியை இடுப்பில் கட்டி, பணியாளின் வேலையைச் செய்து சீடரின் கால்களைக் கழுவினார். உயிர்த்தெழுந்தபின் பேதுருவிடம் ஆடுகளை ஒப்படைத்தபோதும் அவை தம்முடையவை என்றே மூன்று முறையும் சொன்னார். அந்தப் பாடம் பேதுருவின் முதல் நிருபத்தில் எதிரொலிக்கிறது: மந்தை தேவனுடையது, மூப்பர் அதை அடக்கி ஆளாமல் மாதிரியாக வாழ வேண்டும், பிரதான மேய்ப்பர் வெளிப்படுவார்.

திருச்சபையின் சிறந்த ஆயர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். எசேக்கியேல் 34க்கு நீண்ட விளக்கவுரை ஆற்றிய ஹிப்போவின் அகஸ்தீன், கிறிஸ்தவராக இருப்பது தம் பொருட்டு, ஆயராக இருப்பது மக்கள் பொருட்டு என்று பிரித்து, இரண்டாவதற்குத் தனியே கணக்குக் கொடுக்க வேண்டும் என அஞ்சினார். 590இல் ரோமாபுரியின் ஆயரான கிரகோரியார் கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியர் என்று தம்மைக் குறிப்பிட்டார்.

நம் சேகரங்களின் ஆண்டறிக்கைகளில் வரவும் செலவும் கட்டட வேலையும் இடம்பெறுகின்றன, அவை வேண்டியவையே. எசேக்கியேலின் பட்டியலுக்கும் அங்கே இடம் தருவோம். நோயுற்றோரில் யாரைச் சந்தித்தோம்? மனம் முறிந்து விலகியவரில் யாரைத் தேடிப் போனோம்? பலமுள்ளவர்கள் தள்ளியதால் ஆலயத்துக்கு வராமல் நின்றவர்கள் யார்? ஆயரும் மூப்பரும் மன்ற உறுப்பினரும் ஆண்டுதோறும் சபையார் முன் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும். பிரதான மேய்ப்பர் கேட்கப்போகும் கணக்கு இதுதான். அதை இன்றே எழுதத் தொடங்குகிறவரே அவருடைய மந்தையை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்.