136 அடி: ஓர் அணை, இரு மொழிச் செய்திகள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் நாளிதழைப் பிரிக்கும் விவசாயியின் கண் முதலில் போவது, மூலையில் வரும் ஒரு சிறு கட்டத்துக்கு: பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி. 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்றங்கால் பாவலாமா என்பதை அந்த எண்தான் சொல்லும். குமுளிக்கு மேற்கே, வண்டிப்பெரியாற்றில், அதே எண் மலையாளத் தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் ஓடும்போது கேட்பவர் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. 136 அடி இங்கே நற்செய்தி, அங்கே அபாயச் சங்கு. இரண்டிலும் பொய் இல்லை.

ஊடகப் பொறுப்பு பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் பொய்ச் செய்தியைச் சுற்றியே. எல்லைப் பகுதியில் பொய்யே இல்லாமலும் ஊர் எரியும் என்பதற்கு 2011 சான்று. ஒரு மொழி வாசகரை மட்டும் மனத்தில் வைத்து, ஓர் உண்மையின் பாதியை எழுதினாலே போதும்.

அந்த ஆண்டு ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டன. 1895இல் கட்டி முடித்த சுண்ணாம்பு-சுர்க்கி அணை தாங்குமா என்று கேட்பது பத்திரிகையின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. ஆனால் அந்தக் கேள்வி சில வாரங்களில் ‘35 லட்சம் உயிர்கள்’ என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கியது. பெரியாறு உடைந்து, அந்த வெள்ளத்தில் கீழேயுள்ள இடுக்கி அணைகளும் உடைந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தலைப்புகளில் எண் நின்றது, ‘உடைந்தால்’ உதிர்ந்துபோனது. பெரியாற்றின் மொத்தக் கொள்ளளவு 152 அடியில் சுமார் 15 டிஎம்சி, இடுக்கி நீர்த்தேக்கத்தினுடையது சுமார் 70 டிஎம்சி. டிசம்பர் தொடக்கத்தில் கேரள அரசின் தலைமை வழக்குரைஞர் கே.பி. தண்டபாணி, பெரியாறு உடைந்தாலும் கீழுள்ள அணைகள் அந்த நீரைத் தாங்கும் என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் கணக்கு சரியா என்ற விவாதத்தைவிட, அவரை நீக்க வேண்டும் என்ற கூச்சலே ஓங்கி ஒலித்தது.

தமிழ் இதழ்கள் அந்தக் கூற்றைக் கொண்டாடின. அதன் ஓட்டையைப் பார்க்கவில்லை. இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கினாலும், அணைக்கும் அதற்கும் இடைப்பட்ட வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதறை மக்களை எது காக்கும்? வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்களில் கணிசமானோர் தமிழர். அவர்களுடைய அச்சத்தை ‘மலையாளியின் நாடகம்’ என்று ஒதுக்கியது, என் பார்வையில், அந்த மாதங்களில் தமிழ் இதழியல் செய்த பெரும் பிழை.

விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் பெண்களின் கூலி நின்றது. தோட்டக் குடியிருப்புகளில் தங்கியிருந்தவர்கள் மிரட்டலுக்குப் பயந்து மலையிறங்கினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் நொறுங்கின. குமுளியில் 144 தடை உத்தரவு.

இதற்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? அரசியலமைப்பின் 19(1)(அ) உரிமை தருகிறது, 19(2) வரம்பு கட்டுகிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகை மன்றம் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அவ்வளவே. தொலைக்காட்சி அதன் எல்லைக்குள் வராது. அரசின் கைக்கு எளிதில் வருவது தடைதான். 2011 நவம்பரில் தமிழக அரசு ‘டேம் 999’ திரைப்படத்தைத் தடைசெய்தது. ஓடவிட்டிருந்தால் தானாகவே மறக்கப்பட்டிருக்கக்கூடிய படம் அது. 2021 அக்டோபரில் கேரள முதல்வர் பினராயி விஜயன், அணை உடையப்போகிறது என்று பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். அணை பாதுகாப்பற்றது என்று நீதிமன்றத்தில் பல்லாண்டு வாதிட்ட அரசே, அதைச் சொல்பவர்களில் யார் பீதி கிளப்புகிறார் என்று முடிவுசெய்வதை ஏற்பதற்கில்லை. 2014 மே 7 தீர்ப்பில் அரசியல் சாசன அமர்வு அணையைப் பாதுகாப்பானது என ஏற்று 142 அடிக்கு அனுமதித்தது. அதற்காக, அணைக்குக் கீழே குடியிருப்பவர் கேள்வி கேட்கும் உரிமையை இழந்துவிடவில்லை.

ஆகவே நான் கேட்பது அடக்கத்தையல்ல, கூடுதல் செய்தியை. எண்ணை அச்சிடும்போது அதன் நிபந்தனையையும் அச்சிடுவது. கசிவு நீர் என்று எழுதினால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அந்த நீர்மட்டத்துக்கு அது வழக்கமான அளவா என்றும் எழுதுவது. கம்பத்து நிருபர் மாதம் ஒருமுறையாவது வண்டிப்பெரியாற்றிலிருந்தும், குமுளி நிருபர் கூடலூர் வயல்வெளியிலிருந்தும் எழுதுவது. மலையேற அரை நாள்கூட ஆகாது.

இது நடக்காத காரியமல்ல. 2022 செப்டம்பர் 21 அதிகாலை, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாடு இயக்கும் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உண்மையாகவே பெயர்ந்து, வெள்ளம் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. எந்த மதகு, எவ்வளவு நீர், எந்தக் கரையில் யார் விலக வேண்டும் என்று இரு மொழிச் செய்திகளும் சொல்லின. உயிர்ச்சேதம் இல்லை. எந்தக் கடையும் உடைபடவில்லை.